குருவில்லாத கோவில்களின் குருவானவர்

தை மாதம் 16ஆம் திகதி எமது பங்குகளில் புனித யோசப் வாஸ் அடிகளாரின் திருநாள் நினைவுகூரப்படுகின்றது. நத்தார்க் குடிலைக் கழற்றி, பாலன் சுரூபத்தைத் துணியிற் சுற்றிப் பெட்டிக்குள் வைத்து அதிக நாள் ஆகியிராது. தைப்பொங்கலும் அப்போதுதான் கழிந்திருக்கும். தவக்காலம் தொடங்கச் சில வாரங்களே இருக்கும். இப்படி இரண்டு பெரிய காலங்களுக்கு நடுவே வந்து அகப்பட்டுக்கொள்வதாலோ என்னவோ, இத்திருநாள் பல வீடுகளில் கவனிக்கப்படாமலே போய்விடுகின்றது. காலைத் திருப்பலிக்குச் சென்றவர்கள் அறிவார்கள், மற்றவர்கள் அறியார்கள்.

ஆனால் அன்பார்ந்த வாசகர்களே, நாம் நத்தாருக்குக் குடில் கட்டுவதும், தவக்காலத்தில் ஊர் கூடிச் சிலுவைப்பாதை செய்வதும், அந்தி பட்டதும் குடும்பமாக முழந்தாளிட்டுச் செபமாலை சொல்வதும் இந்த மனிதர் வந்திராவிட்டால் எம்மட்டும் வந்து சேர்ந்திருக்குமா என்பது பெரிய ஐயமே. எமது மூதாதையரின் விசுவாசம் அணைந்துபோகும் தறுவாயில் இருந்தபோது, அதைக் கையால் மறைத்துக் காற்றிலிருந்து காத்தவர் அவர். ஆகவே அவருடைய வாழ்க்கையை இவ்வாரம் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகின்றோம்.

மூடப்பட்ட கோவில்கள்

ஒல்லாந்தர் 1656இல் கொழும்பையும், 1658இல் மன்னாரையும் யாழ்ப்பாணக் கோட்டையையும் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றினார்கள். அவர்களும் கிறிஸ்தவர்களே. ஆயினும் கல்வின் என்பவரின் போதனையைப் பின்பற்றிய சபையினர். கத்தோலிக்க சமயத்தைப் போர்த்துக்கேயருக்கு வழிவிடும் வாசலாகவே அவர்கள் கண்டார்கள். ஆதலால் குருக்களை நாட்டைவிட்டு அகற்றினார்கள். 1658ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்திலேயே, கத்தோலிக்க குருவுக்கு இடங்கொடுத்து ஒளித்து வைப்பவருக்கு மரண தண்டனை என்று கட்டளை பிறப்பித்தார்கள். யாழ்ப்பாணக் குடாநாட்டில் போர்த்துக்கேயர் காலத்தில் கட்டப்பட்ட கோவில்களெல்லாம் ஒல்லாந்தச் சபையின் வழிபாட்டு இடங்களும் பள்ளிக்கூடங்களுமாக மாறின.

சட்டம் வீட்டுக்குள்ளும் நுழைந்தது. பிள்ளைக்கு ஒல்லாந்தச் சபையிலே ஞானஸ்நானம் கொடுத்துப் பள்ளிக்கூடத் தோம்பிலே பெயர் பதியவேண்டும். கலியாணமும் அங்கேதான் பதியப்படவேண்டும். பதியாவிட்டால் அரசின் கண்ணில் அது கலியாணமாகாது, பிள்ளைகளுக்கு முதுசம் சேர்வதிலும் வில்லங்கம் வரும். பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளையை அனுப்பாத பெற்றோருக்குக் குற்றப்பணம் விதிக்கப்பட்டது. காணியையும் கலியாணத்தையும் பிள்ளைகளின் எதிர்காலத்தையும் பிடித்துக்கொண்டு விசுவாசத்தை நெரித்தார்கள் என்று சொல்லலாம்.

எமது முன்னோர் என்ன செய்தார்கள்? சிலர் ஊரைவிட்டே போனார்கள். மாந்தையிலிருந்து இருபது குடும்பங்கள் 1670ஆம் ஆண்டளவில் தங்கள் கோவிலின் மாதா சுரூபத்தைச் சுமந்துகொண்டு, கண்டியரசனின் எல்லைக்குட்பட்ட காட்டுக்குள் சென்று குடியேறினார்கள் என்பது மருதமடுவின் வரலாறு. ஊரைவிட்டுப் போக இயலாதவர்கள் வெளியே ஒல்லாந்தச் சபைக்குப் போய்வந்துகொண்டு, வீட்டுக்குள்ளே கதவைச் சாத்திச் செபமாலை சொன்னார்கள். பழைய செபங்களை மனப்பாடமாக வைத்திருந்த பெரியவர்கள் இளையவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். ஆனால் திருப்பலி இல்லை, பாவசங்கீர்த்தனம் இல்லை, அவஸ்தைப்பூசுதல் இல்லை. இப்படியே ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழிந்தன. முப்பது ஆண்டு என்றால் ஒரு தலைமுறை. குருவானவர் ஒருவரை ஒருநாளும் கண்ணால் காணாமலே பிறந்து, வளர்ந்து, பிள்ளை பெற்றவர்கள் அப்போது இந்த நாட்டில் இருந்தார்கள்.

கோவாவில் ஓர் இளங்குரு

இச்செய்தி கடலுக்கு அப்பால், கோவாவில் ஓர் இளங்குருவின் நெஞ்சைத் தொட்டது.

யோசப் வாஸ் 1651ஆம் ஆண்டு சித்திரை மாதம் 21ஆம் திகதி கோவாவிலுள்ள பெனாவுலிம் என்னும் தாயின் ஊரிலே பிறந்தார். தந்தை கிறிஸ்தோவன் வாஸ், சாங்கோவாலே என்ற ஊரைச் சேர்ந்தவர். தாய் மரியா தெ மிறாண்டா. கொங்கணி பேசும் பிராமண வழிவந்த கத்தோலிக்கக் குடும்பம். ஆறு பிள்ளைகளில் இவர் மூன்றாமவர். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் போர்த்துக்கேய மொழியும் இலத்தீனும் படித்து, பின்னர் கோவா நகரிலே இயேசு சபையாரின் கல்லூரியிலும் சாமிநாதர் சபையாரின் கல்விக்கூடத்திலும் மேற்படிப்பை முடித்தார். 1676ஆம் ஆண்டு குருவாக அபிஷேகம் பெற்றார். அந்நாள் தொட்டு, ஏழைகள் நடப்பதுபோல வெறுங்காலோடு நடப்பதையே வழக்கமாக்கிக்கொண்டார். மறு ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில், தம்மைத் தேவமாதாவின் அடிமையாக ஒப்புக்கொடுத்து ஒரு பத்திரம் எழுதிக் கையொப்பமிட்டார்.

அக்காலத்தில் கோவாவிற் பிறந்த சுதேசக் குருக்களுக்கு ஐரோப்பியத் துறவற சபைகளில் எளிதில் இடம் கிடைப்பதில்லை. கல்வியும் பக்தியும் இருந்தாலும் இரண்டாம் வரிசையிலேதான் நிற்கவேண்டியிருந்தது. இந்த நிலையிலே 1681ஆம் ஆண்டு அவர் கன்னட நாட்டுக் கரையோரத்து மிஷனுக்குப் பொறுப்பாக அனுப்பப்பட்டார். அங்கே போர்த்துக்கேய அரசின் உரிமையைப் பெற்ற அதிகாரமும் உரோமாபுரி நேரே நியமித்த அதிகாரமும் ஒன்றோடொன்று மோதிக்கொண்டிருந்தன. இரண்டு பக்கத்துக்கும் நடுவே அகப்பட்ட மக்கள் எந்தக் குருவிடம் போவதென்று தெரியாமல் மயங்கினார்கள். வாஸ் அடிகளார் எவரையும் பகைக்காமல், கீழ்ப்படிவையும் விடாமல், மக்களுக்குத் தேவதிரவிய அநுமானங்கள் தடையின்றிக் கிடைக்கப் பாடுபட்டார். மேலிடத்துச் சண்டையில் பங்குமக்கள் பட்டினி கிடக்கக்கூடாது என்ற பாடத்தை அவர் அங்கே கற்றுக்கொண்டார் என்று நாம் கருதலாம்.

1684இல் கோவாவுக்குத் திரும்பினார். மறு ஆண்டு, ஒன்றுகூடி வாழ்ந்துகொண்டிருந்த சில சுதேசக் குருக்களுடன் சேர்ந்தார். அவர்கள் இவரையே தலைவராகத் தெரிந்தெடுத்தார்கள். புனித பிலிப்பு நேரியாரின் ஒழுங்கைத் தழுவிய கோவா ஒறற்றோரியன் சபை இவ்வாறு உருவாயிற்று. புதிய சபைக்கு அத்திவாரமிட்ட கையோடு அங்கேயே தலைவராக இருந்திருக்கலாம். ஆனால் இலங்கையின் நினைவு அவரை விடவில்லை. 1686ஆம் ஆண்டு, தலைமைப் பொறுப்பை விட்டுவிட்டு, யுவான் என்ற ஊழியப் பையனை அழைத்துக்கொண்டு தெற்கு நோக்கிப் புறப்பட்டார்.

கழுத்திலே செபமாலை

ஐரோப்பியக் குரு ஒருவர் இலங்கைக் கரையில் இறங்கினால் அவருடைய வெள்ளைத் தோலே காட்டிக்கொடுத்துவிடும். வாஸ் அடிகளாரோ நிறத்தால் எம்மவர் போன்றவர். கோவாவில் அவரைப் பின்வரிசையில் நிறுத்திய அதே நிறம் இங்கே அவருக்குப் போர்வையாயிற்று. அங்கியைக் களைந்து கூலிக்காரனைப் போல உடுத்துக்கொண்டார். திருப்பலிக்கு வேண்டிய பொருட்களை மூட்டைக்குள் மறைத்துக்கொண்டார். 1687ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறன்று தூத்துக்குடியிலிருந்து தோணியேறினார். யாழ்ப்பாணத்துக்கென்று புறப்பட்ட தோணியைக் காற்றும் கடலும் அலைத்து மன்னார்க் கரையில் ஒதுக்கின. அங்கிருந்து யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தபோது அவர் உடல் தளர்ந்து, வயிற்றோட்டத்தால் சாகும் நிலையில் இருந்தார். யாரென்று தெரியாத அந்தப் பரதேசிக்கு ஒரு பெண் இரங்கிக் கஞ்சி கொடுத்துக் காப்பாற்றினாள் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. அந்தத் தாயின் பெயரை வரலாறு எழுதி வைக்கவில்லை. ஆனால் அவளுடைய கஞ்சியில் இந்த நாட்டுத் திருச்சபை உயிர் பிழைத்தது.

சற்றே எழுந்து நடமாடத் தொடங்கியதும் வீடு வீடாகப் பிச்சை கேட்டுச் சென்றார். கழுத்திலே ஒரு செபமாலையைத் தெரியும்படி போட்டிருந்தார். அதைக் கண்டு யார் முகம் மாறுகிறது, யார் கண் கலங்குகிறது என்று பார்த்தார். ஆபத்தான உபாயம் அது. அந்தச் செபமாலையைக் கண்ட ஒருவர் போய் ஒல்லாந்தரிடம் சொல்லியிருந்தால் காரியம் அன்றே முடிந்திருக்கும். மக்களும் உடனே நம்பிவிடவில்லை. உளவாளியாக இருக்கலாமே என்று பயந்தார்கள். மெதுவாகப் பேச்சுக் கொடுத்து, சோதித்துப் பார்த்து, இவர் குருவானவரே என்று கண்டபோது அவர்கள் அடைந்த மகிழ்ச்சியை நாம் எண்ணித்தான் பார்க்கவேண்டும்.

சில்லாலை ஊர் விசுவாசத்தில் உறுதியாக நின்ற ஊர். நண்பர்கள் அவரை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் சில்லாலையே அவருடைய இருப்பிடம். பகலில் ஒளிந்திருப்பார், இரவில் வெளிக்கிடுவார். வளவுகளின் வேலியோரமாக ஊர்விட்டு ஊர் நடந்து, வீட்டின் உள்ளறையிலோ மாலிலோ திருப்பலி ஒப்புக்கொடுத்து, பாவசங்கீர்த்தனம் கேட்டு, பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுத்து, விடியுமுன் திரும்பிவிடுவார். தமிழைக் கற்று மக்களோடு அவர்கள் மொழியிலேயே பேசினார்.

இங்கே ஒன்றை நாம் கவனிக்கவேண்டும். அவரிடம் வந்தவர்களிற் பலர் ஒல்லாந்தச் சபையிலே தங்கள் பெயரைப் பதிந்தவர்கள். பயத்தினாலும் பிழைப்புக்காகவும் இரண்டு வாழ்வு வாழ்ந்தவர்கள். நீ ஏன் மறுதலித்தாய் என்று அவர்களைத் தள்ளிவிடுவதற்காக அவர் கடல் கடந்து வரவில்லை. ஒவ்வொருவராக அமர்த்தி, கேட்டு, ஆறுதல் சொல்லி, பாவப்பொறுத்தல் அளித்து, திரும்பவும் மந்தைக்குள் சேர்த்துக்கொண்டார்.

1689ஆம் ஆண்டு நத்தார் இரவு

இரண்டு ஆண்டுகளாகப் பற்றியெரிந்த இந்த இரகசிய நெருப்பு ஒல்லாந்தரின் கண்ணுக்குத் தப்பவில்லை. 1689ஆம் ஆண்டு நத்தார் இரவு யாழ்ப்பாணத்தில் திருப்பலிக்காக மக்கள் கூடியிருந்த வேளையிலே சிப்பாய்கள் வந்து வளைத்துக்கொண்டார்கள். ஏறத்தாழ முந்நூறு பேர் பிடிபட்டார்கள். குருவானவர் மட்டும் அகப்படவில்லை. அது தேவனின் விசேஷ காவல் என்றே மக்கள் நம்பினார்கள்.

ஆனால் பிடிபட்டவர்களுக்கு நடந்தது கொடுமை. திருப்படங்களும் சுரூபங்களும் உடைத்தெறியப்பட்டன. முக்கியமான ஆண்கள் சிலர் கசையடிக்கு உள்ளானார்கள். அவர்களுள் ஒருவர் ஒல்லாந்தச் சபையை விட்டுக் கத்தோலிக்க மறைக்குத் திரும்பியவர். அதனால் அவருக்கு அடி அதிகம், அந்த அடியிலேயே அவர் உயிர் பிரிந்தது. மற்றவர்கள் விலங்கிடப்பட்டுக் கடூழியத்துக்கு அனுப்பப்பட்டார்கள். நாம் இன்று வெடி கொளுத்தியும் புத்தாடை உடுத்தும் கொண்டாடும் நத்தாருக்கு எமது முன்னோர் கொடுத்த விலை இது.

வாஸ் அடிகளாருக்கு இது பெருஞ் சோதனை. தம் உயிருக்கு அவர் அஞ்சவில்லை. ஆனால் தாம் இருக்கும் ஒவ்வொரு வீடும் தம்மால் அழிந்துபோகும் என்பதை இப்போது கண்ணாலே கண்டுவிட்டார். இருந்தால் அவர்களுக்கு ஆபத்து, போனால் அவர்கள் மறுபடியும் மேய்ப்பனற்ற மந்தை. எதைச் செய்தாலும் நெஞ்சு உறுத்தும். கடைசியில் அவர் போவதையே தெரிந்துகொண்டார். 1690ஆம் ஆண்டு, கண்டியரசனின் ஆட்சிக்குட்பட்ட புத்தளத்துக்குச் சென்றார். தமக்கு அடைக்கலம் கொடுத்தவர்களைக் காப்பதற்காகவும், ஒல்லாந்தரின் கை எட்டாத இடத்திலே ஓர் உறுதியான தளம் அமைப்பதற்காகவும் எடுத்த முடிவு அது. யாழ்ப்பாணத்தை அவர் மறந்து போகவில்லை என்பதைப் பின்வந்த ஆண்டுகள் காட்டின.

கண்டிச் சிறையும் மழையும்

புத்தளத்திலே ஓராண்டுக்கு மேல் ஊழியம் செய்தபின் 1692ஆம் ஆண்டு கண்டிக்குப் போனார். அங்கும் கத்தோலிக்கர் பலர் குருவின்றி இருந்தார்கள். ஆனால் அவர் வருமுன்பே அவர் போர்த்துக்கேயரின் உளவாளி என்ற கதை அரசனின் காதுக்குப் போய்விட்டது. ஆதலால் வரவேற்றது சிறைதான். கூட வந்தவர்களும் அவரோடு சிறைப்பட்டார்கள்.

சிறையை அவர் ஒரு பங்காக்கினார். அங்கிருந்தபடியே சிங்கள மொழியைக் கற்றார். அவரால் அரசுக்கு ஆபத்தில்லை என்று கண்ட காவலர் நாளடைவில் கட்டுகளைத் தளர்த்தினார்கள். அங்கேயே ஓலைக்குடிசை ஒன்றைப் போட்டு அதிலே திருப்பலி ஒப்புக்கொடுத்தார். கண்டிக் கத்தோலிக்கர் முதலில் ஒளித்தும் பிறகு துணிந்தும் வரத் தொடங்கினார்கள்.

1693ஆம் ஆண்டு கண்டியில் கடும் வரட்சி உண்டாயிற்று. நாட்டு வழக்கப்படி செய்யப்பட்ட வேண்டுதல்களுக்குப் பின்னும் மழை இல்லை. அரசன் இரண்டாம் விமலதர்மசூரியன் அடிகளாரிடம் ஆளனுப்பினான். அவர் திறந்த வெளியிலே பீடம் அமைத்து, சிலுவையை நாட்டி, முழந்தாளிட்டுச் செபித்தார். மழை பொழிந்தது. பீடத்தைச் சுற்றிய இடம் மட்டும் நனையவில்லை என்று அக்கால மக்கள் சொல்லி வந்தார்கள். அன்று முதல் நாடெங்கும் போய்வர அரசன் அவருக்கு அனுமதி கொடுத்தான்.

பௌத்த சமயத்தைத் தழுவிய அரசன் அவன். கடைசிவரை பௌத்தனாகவே இருந்தான். ஆயினும் கிறிஸ்தவ நாட்டவரான ஒல்லாந்தர் துரத்திய குருவுக்கு நிழல் கொடுத்தவன் அவனே. அயலவரின் நன்மையை மறவாத நன்றியுணர்வு எமக்கு எப்போதும் இருக்கவேண்டும்.

கைவிடப்பட்டவர்களின் நடுவே

1696ஆம் ஆண்டளவில் கோவாவிலிருந்து அவருடைய சபைக் குருக்கள் உதவிக்கு வரத் தொடங்கினார்கள். கொச்சி ஆயர் இவரை இலங்கைக்குத் தமது பதில்குருவாக நியமித்தார். பத்து ஆண்டுகளாகத் தனி ஒருவராக நாடு முழுவதையும் சுமந்தவருக்கு இப்போதுதான் தோள்கொடுக்க ஆள் கிடைத்தது.

ஆனால் ஓய்வு கிடைக்கவில்லை. 1697ஆம் ஆண்டு கண்டியிலே அம்மை நோய் பரவிற்று. அரசனும் பிரதானிகளும் நகரைவிட்டு விலகினார்கள். தொற்றிவிடும் என்ற பயத்தினால் நோயாளிகளை அவர்களுடைய சொந்த வீட்டாரே காட்டோரங்களில் கொண்டுபோய் விட்டார்கள். வாஸ் அடிகளாரும் அவருடைய உறவினரான யோசப் கர்வாலோ அடிகளாரும் நகரிலேயே நின்றார்கள். கைவிடப்பட்டவர்களைத் தேடிப்போய் எடுத்து, கொட்டில் போட்டுக் கிடத்தி, புண்ணைக் கழுவி, கஞ்சி கொடுத்தார்கள். இறந்தவர்களைத் தம் கையாலே குழிவெட்டி அடக்கம் செய்தார்கள். கத்தோலிக்கரா அல்லவா என்று பார்க்கவில்லை. யாழ்ப்பாணத்திலே தமக்குக் கிடைத்த கஞ்சியை அவர் கண்டியிலே திருப்பிக் கொடுத்தார். பிரசங்கங்களால் ஆகாத காரியத்தை இந்தப் பணி செய்தது. கண்டி மக்கள் கத்தோலிக்க குருவைப் புதிய கண்ணோடு பார்க்கத் தொடங்கினார்கள்.

பங்கை அமைத்த விதம்

அடிகளாரின் வாழ்வில் அற்புதங்களைப் பற்றியே நாம் அதிகம் பேசுகின்றோம். ஆனால் எமக்கு இன்று பெரிதும் பயன்படுவது அவர் பங்குகளை அமைத்த விதமாகும்.

குருக்கள் சிலரே, ஊர்களோ நூற்றுக்கணக்கானவை. ஓர் ஊருக்குக் குருவானவர் ஆண்டில் ஒருமுறை வந்தாலே பெரிய காரியம். அவர் வராத மாதங்களில் ஊரை யார் காப்பது? இக்கேள்விக்கு அவர் கண்ட விடை பொதுநிலையினர். ஒவ்வோர் ஊரிலும் நம்பிக்கையுள்ள ஒருவரை மூப்பராக ஏற்படுத்தினார். கோவிலையும் ஊரின் ஒற்றுமையையும் கவனிப்பது மூப்பரின் கடமை. செபங்களை முன்நின்று சொல்லவும், பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் படிப்பிக்கவும், சாகக்கிடப்பவருக்குப் பக்கத்தில் இருந்து செபிக்கவும், அவசர வேளையில் ஞானஸ்நானம் கொடுக்கவும் அண்ணாவிமார் இருந்தார்கள். குருவானவர் வரும்போது ஊர் ஆயத்தமாய் இருக்கும். யாருக்கு ஞானஸ்நானம் வேண்டும், யாருடைய கலியாணம் சீர்ப்படவேண்டும், யார் யாரோடு மனஸ்தாபம் என்ற கணக்கெல்லாம் மூப்பரிடம் இருக்கும்.

ஆண்டின் காலங்களையே அவர்கள் பள்ளிக்கூடமாக்கினார்கள். எழுத்து வாசனை அறியாத மக்களுக்கு நத்தார்க் குடில் மனிதாவதாரத்தைக் கற்பித்தது. தவக்காலத்துச் சிலுவைப்பாதை மீட்பைக் கற்பித்தது. திருநாட் சுற்றுப்பிரகாரம் நாம் ஒரே மக்கள் என்பதைக் கற்பித்தது. 1705ஆம் ஆண்டு வந்துசேர்ந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் இவ்வேலைக்கு எழுத்தாணியால் உறுதி கொடுத்தார். தமிழிலும் சிங்களத்திலும் அவர் நூல்கள் பல இயற்றினார். தவக்காலத்தில் எமது ஊர்களில் இராகத்தோடு வாசிக்கப்பட்டு வந்த வியாகுலப் பிரசங்கம் அவர் இயற்றியதே. குருவில்லாத ஊரிலே அண்ணாவியார் அந்த ஏட்டை விரித்து வாசிக்க, பாயிலே அமர்ந்திருந்த சனம் கண்ணீர் வடித்தது. அதுவே அவர்களின் தவக்காலத் தியானம்.

பாப்பிறையின் தூதுவராக இந்தியாவுக்கு வந்த தூர்னோன் ஆண்டகை இவருடைய பணியைக் கேள்வியுற்று, இவரை ஆயராக்க விரும்பினார். அடிகளார் அதை ஏற்கவில்லை. கடைசிவரை நடந்து திரியும் மிஷன் குருவாகவே இருக்க விரும்பினார். கண்டியிலிருந்து புறப்பட்டுக் கரையோரங்களுக்கும் வன்னிக்கும் கிழக்கு மாகாணத்துக்கும் கால்நடையாகப் போனார். ஒல்லாந்தரின் ஊர்களுக்குள் பழையபடி மாறுவேடத்திலே நுழைந்தார். போன இடமெல்லாம் நோயாளியையே முதலிலே பார்த்தார். காணிக்கையாகக் கிடைத்ததை ஏழைகளுக்குக் கொடுத்தார்.

கடைசி நாட்கள்

நடந்த காலும் பட்டினி கிடந்த வயிறும் இறுதியிலே சோர்ந்தன. 1710ஆம் ஆண்டிலே அவர் நோயுற்றுக் கண்டியிலேயே தங்கவேண்டியதாயிற்று. படுக்கையிலும் தம் உடன்குருக்களுக்குப் புத்தி சொல்லிக்கொண்டும், வந்தவர்களின் பாவசங்கீர்த்தனம் கேட்டுக்கொண்டும் இருந்தார். 1711ஆம் ஆண்டு தை மாதம் 16ஆம் திகதி, தமது 59ஆவது வயதிலே, கையிலே எரியும் மெழுகுதிரியோடு இறைவனடி சேர்ந்தார். அவருடைய உடல் கண்டிக் கோவிலிலே அடக்கஞ் செய்யப்பட்டது. பின்வந்த கலகங்களில் அக்கோவில் அழிந்துபோக, கல்லறை இருந்த இடமும் மறைந்துபோயிற்று. பரதேசியாக வந்தவர் பரதேசியாகவே மறைந்தார்.

ஆனால் அவர் கட்டியது மறையவில்லை. அவர் வந்தபோது நாட்டில் ஒரு குருவும் இல்லை, பகிரங்கமான ஒரு கோவிலும் இல்லை. அவர் இறக்கும்போது 70,000 கத்தோலிக்கரும், 15 கோவில்களும், 400 சிற்றாலயங்களும் இருந்ததாக வரலாற்றாசிரியர்கள் கணக்கிடுகிறார்கள். ஒல்லாந்தர் ஆட்சி 1796ஆம் ஆண்டு முடிந்தது. 1806ஆம் ஆண்டு ஆங்கிலேயத் தேசாதிபதி மெயிற்லண்ட் கத்தோலிக்கருக்கு விரோதமான சட்டங்களை நீக்கினார். அதுமட்டும், அடிகளார் இறந்து ஏறத்தாழ நூறு ஆண்டுகள், மூப்பரும் அண்ணாவியும் வரப்போக இருந்த சில கோவா குருக்களும் இந்த விசுவாசத்தைச் சுமந்தார்கள்.

1995ஆம் ஆண்டு தை மாதம் 21ஆம் திகதி பாப்பிறை இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் கொழும்பு காலிமுகத்திடலிலே அவரை முத்திப்பேறு பெற்றவராக உயர்த்தினார். 2015ஆம் ஆண்டு தை மாதம் 14ஆம் திகதி அதே திடலிலே பாப்பிறை பிரான்சிஸ் அவரைப் புனிதர் வரிசையிலே சேர்த்தார். அன்று பிற்பகலே பாப்பிறை மருதமடுவுக்கும் வந்து, போரினால் தம்மவரை இழந்த தமிழரும் சிங்களவருமான மக்களோடு செபித்தார். அடிகளார் இரண்டு மொழியையும் கற்று இரண்டு இனத்துக்கும் ஒரே தகப்பனாக நடந்தவர் என்பதை அன்று மடுவிலே கூடியிருந்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

எமக்கு ஒரு கேள்வி

எமது தலைமுறையும் கோவிலை விட்டு ஓடிய தலைமுறையே. சுரூபத்தைச் சுமந்துகொண்டு காட்டுக்குள் போன மாந்தை மக்களின் கதையை நாம் புத்தகத்திலே படித்துக்கொண்டிருந்தோம். 2008ஆம் ஆண்டு சித்திரை மாதத்தில் மடுமாதாவின் சுரூபம் மறுபடியும் இடம்பெயர்ந்ததைக் கண்ணாலே கண்டோம். மரத்தின் கீழும் தரப்பாள் கொட்டிலிலும் திருப்பலி கண்டவர்கள் எம்மிடையே இருக்கிறார்கள். அப்பொழுது ஒருவர் கையிலிருந்த அரிசியை மற்றவரோடு பகிர்ந்தோம், முன்வாங்கு பின்வாங்கு என்று பார்க்கவில்லை. இன்று கோவில்கள் மீண்டும் எழும்பியிருக்கின்றன. ஓடு புதிது, மணிக்கூண்டு புதிது. ஆனால் திருநாள் வந்தால் கொடியேற்றும் உபயம் யாருக்கு, கூடு தூக்குவது எந்தப் பகுதியார் என்ற பிணக்குகளும் கூடவே எழும்பிவிடுகின்றன. செபமாலை சொல்லும் வேளையிலே வீட்டுக்கு வீடு திரைப்பெட்டியின் சத்தம் கேட்கின்றது.

குருவானவர் இல்லாதபோது எமது முன்னோரால் பங்கைக் காக்க முடிந்தது. குருவானவர் பக்கத்திலேயே இருக்கும்போது எம்மால் முடியவில்லையா? பங்கு என்பது பங்குத்தந்தையின் வீடும் சுற்றுமதிலும் அல்ல. நோயாளிக்குக் கஞ்சி கொண்டுபோகிறவள், பிள்ளையை முழந்தாளிடப் பழக்குகிற பேத்தியார், கோபித்துக்கொண்டு விலகியவரைத் தேடிப்போகிற மூப்பர், இவர்களே பங்கு. இதையே யோசப் வாஸ் அடிகளார் எமக்கு முதுசமாக விட்டுச் சென்றார்.

இவ்வாண்டு தை 16ஆம் நாளன்று பூசைக்குப் போக இயலாதவர்கள் கூட ஒரு காரியம் செய்யலாம். அன்று மாலை குடும்பமாகக் கூடிச் செபமாலை சொல்லுங்கள். சொல்லி முடித்தபின், உங்கள் ஊரிலே கோவிற்பக்கம் வராமல் நின்றுவிட்ட ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் அவர் வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு உள்ளே போங்கள். அடிகளார் எமது மூதாதையரின் படலைகளைத் திறந்ததும் அப்படித்தான்.